படை அதிகாரியின் ஓய்வூதியம்

ஓய்வூதியம் உழைத்தவரின் உரிமையா, ஆள்வோரின் அருட்கொடையா? பணிநிறைவை நெருங்கிக்கொண்டிருக்கும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

மைசூர்ப் போர்களை மாணவர்க்கு எடுத்துரைக்கும்பொழுதெல்லாம் நம் நினைவில் எழுபவர் லாக்லன் மெக்குவாரி. 1792ஆம் ஆண்டு முற்றுகையிலும், திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டு முற்றுகையிலும் சீரங்கப்பட்டணத்தின் எதிரே நின்ற பிரித்தானியப் படை அதிகாரி அவர். திப்புவின் பக்கம் நின்று வரலாறு பயின்ற நம் உள்ளம் அவர்பால் எளிதில் கனிவதில்லை. ஆயினும் அவருடைய முதுமைக் கதை நம்மை விடுவதாயில்லை.

அக்காலப் படை அதிகாரிக்கு இன்றுள்ளது போன்ற ஓய்வூதியம் கிடையாது. பதவியே பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டது. இம்முறை 1871இல்தான் ஒழிந்தது. விலகுவோர் பதவியை விற்றுப் பணமாக்கிக்கொள்வர். விற்றபின் அரசிடம் கேட்க ஏதுமில்லை. விற்காது ஒதுங்கியிருப்போர் 'அரைச் சம்பளம்' பெறலாம். ஆனால் அரசின்கீழ் வருவாய் தரும் வேறு பதவி எதனையும் வகிக்கவில்லை என்று நெடுங்காலம் அவர்கள் உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டில் பதவி ஏற்பவர்க்கு ஒரு கையில் வருவது மறு கையில் போய்விடும்.

இந்நிலையில்தான், 73ஆம் படைப்பிரிவின் துணைக் கர்னலாக இருந்த மெக்குவாரி நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராகி 1810 சனவரி முதல் நாள் சிட்னியில் பொறுப்பேற்றார். எட்டாண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் உண்டென்று அவருக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார். தண்டனை முடிந்த கைதிகளைச் சமுதாயத்தில் மதிப்போடு ஏற்றார். சிலரை நீதிபதிகளாகவும் அமர்த்தினார். செல்வக் குடியினர் சினந்தனர். 1819இல் விசாரணைக்கென இலண்டனிலிருந்து வந்த ஜான் தாமஸ் பிக், அவருடைய செலவினங்களையும் கொள்கையையும் கடிந்து அறிக்கை எழுதினார். (மெக்குவாரியை மாசற்றவர் என்று நாம் கூற வரவில்லை. 1816இல் அவர் அனுப்பிய படை, ஆப்பின் என்னுமிடத்தில் அந்நாட்டுப் பழங்குடியினரைக் கொன்றது.) 1821 திசம்பரில் பதவியை ஒப்படைத்துவிட்டுத் தாயகம் திரும்பினார். கெடு எப்பொழுதோ நிறைவேறியிருந்தது, ஓய்வூதியம்தான் வரவில்லை.

எம் சிறிய தந்தையார் படைப்பணி முடித்தபின் அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தவர். படை ஓய்வூதியத்தை வைத்துக்கொள்வதா, அதனைத் துறந்து அப்பணிக்காலத்தைப் புதுப்பணியோடு சேர்த்துக்கொள்வதா என்று குறித்த காலத்துக்குள் அவர் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார். அத்தாள் கோப்பில் காணப்படவில்லை என்று அவ்வலுவலகம் கூறிற்று. எழுதிய விண்ணப்பங்களின் படிகளை அவர் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். "நான் பிச்சையா கேட்கிறேன் தம்பி?" என்று எம்மிடம் கேட்பார். நாம் பதில் கூறியதில்லை.

அவர் கேள்விக்கு விடை முன்பே எழுதப்பட்டிருந்தது. பிரித்தானியர் இந்நாட்டில் இயற்றிய 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காட வழியை அடைத்திருந்தது. விடுதலைக்குப் பின் உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், 1982 திசம்பர் 17இல் நகாரா வழக்கிலும், ஓய்வூதியம் ஆள்வோரின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, உரிமையே என்று அறுதியிட்டது. இதனை மாணவர்கள் தம் இல்லத்துப் பெரியவர்கட்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

மெக்குவாரிக்கு அத்தகைய நீதிமன்றம் இருக்கவில்லை. 1824இல், அறுபத்திரண்டு வயதில், தம் ஓய்வூதியத்திற்காக மீண்டும் இலண்டன் சென்றார். ஆண்டுக்கு 1000 பவுன் என்று ஒருவழியாக முடிவாயிற்று. அவ்வாண்டு சூலை முதல் நாள் அந்நகரிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய துணைவி எலிசபெத்துக்கும் அரசு ஓய்வூதியம் அளிக்க முன்வந்தது. கணவரை நடத்திய விதத்தை மறவாத அவ்வம்மையார் முதலில் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.