பட்டைகள் சொல்லாதது

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியர்-லவீன் பதவி விலகுவதாக 2023 ஜூலையில் அறிவித்தார். அவர் பங்கேற்ற ஆய்வுக் கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்த விசாரணைக் குழு, அவரே தரவைத் திரித்ததாகச் சொல்லவில்லை. பிறகு ஏன் விலக வேண்டும்? ஒவ்வொரு புரதப் பட்டைப் படத்தையும் ஆய்வகத் தலைவர் உருப்பெருக்கியா பார்க்க முடியும் என்பார்கள். முடியாதுதான். ஆனால் அறிக்கையில் என்னை உறுத்திய இடம் வேறு: சாதகமான முடிவோடு வந்தவர்களுக்கு மதிப்பு, வராதவர்களுக்கு ஒதுக்கல் என்று அவருடைய ஆய்வகங்களில் வேலை செய்த சிலர் சொல்லியிருந்தார்கள். பிழைகள் தெரியவந்த பின்னும் திருத்தங்களை அவர் உறுதியாகத் தொடரவில்லை. கட்டுரையின் புகழில் பங்கு கேட்பவர், "முடிவு சரியா வரலை" என்று ஓர் இளைய ஆய்வாளர் பயமின்றிச் சொல்லும் சூழலுக்கும் பொறுப்பாளிதானே? இணையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சந்தேகங்களைத் தூசி தட்டியவர், வேடிக்கைதான், மாணவர் நாளிதழின் முதலாண்டு நிருபர்.