கேட் டைம்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில், எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு சினிமாப் பாட்டை ஒரு பெண் அருமையாகப் பாடி முடித்தாள். நடுவர் வரிசையில் இருந்த இளம் இசையமைப்பாளர், "மெலடி சூப்பர். மியூசிக்தான் அந்தக் காலத்து மெஷின், பட்டனைத் தட்டிவிட்டா அதுவே வாசிச்சுக்கும்" என்றார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அந்தப் பாட்டின் பேஸ் முழுவதையும் நோட்டு நோட்டாக எண்ணாக்கி ஏற்றியவன் நான். எந்தப் படம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இசையமைப்பாளரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மெஷின் பாட்டு என்று ஒன்றைத் திட்டியே ஆக வேண்டுமானால், வரிசையில் முன்னால் நிற்க வேண்டியது ஹ்யூமன் லீக் குழுவின் 'டோன்ட் யூ வாண்ட் மீ'. 1981 நவம்பர் 27-இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிங்கிள். டிரம்மர் கிடையாது, பேஸ் கிடார் கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சவுண்டு இன்ஜினீயரின் கேசட்டில்தான் முதலில் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பாடப்புத்தகம். எத்தனையோ பெரிய பாட்டுகளை ரசித்திருக்கிறேன், ஆனால் பிரித்துப் போட்டுப் படித்தது இதைத்தான்.

அந்தக் குழுவின் நிலைமையே வேடிக்கை. ஷெஃபீல்டு, எஃகு ஆலைகளின் ஊர். 1980-இல் குழு உடைந்தபோது மெஷின் தெரிந்த இருவரும், மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும், வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் பாடகர் ஃபில் ஓக்கியும், மேடையில் ஸ்லைடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும்தான். ஓக்கி ஒரு நைட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார். பங்க் குழுவில் கிடார் வாசித்த ஜோ காலிஸ் வந்து சேர்ந்தார். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் போன பிறகு மிஞ்சிய இந்தக் கூட்டம்தான் அடுத்த வருடம் 'டேர்' ஆல்பத்தைப் போட்டது. காரணம் மார்ட்டின் ரஷன்ட். ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் என்று கிடார் குழுக்களுக்குத் தயாரிப்பாளராக இருந்தவர். பெர்க்‌ஷயரில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டு, ரோலண்டின் எம்சி-8, சிஸ்டம் 700, ரோஜர் லின்னின் எல்எம்-1 டிரம் மெஷின் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்எம்-1-இல் சிம்பல் கிடையாது. நிஜ டிரம்ஸை ஒலிப்பதிவு செய்து சிப்பில் அடக்கிய மெஷின் அது. சிம்பல் ஓயப் பல நொடி ஆகும், அவ்வளவு நீளத்துக்கு மெமரி வாங்க அன்று கட்டுப்படியாகாது. அந்தக் காலத்து ரெக்கார்டுகள் பலவற்றில் 'ஜ்ஜ்ஷ்' என்ற இரைச்சல் இல்லாமல் பளிச்சென்று இருப்பதற்கு இது ஒரு காரணம். குறையை ஸ்டைல் ஆக்கிவிட்டார்கள். போகட்டும், நான் சொல்ல வந்தது எம்சி-8 பற்றி.

1977-இல் வந்த பெட்டி. பியானோ கட்டை ஒன்றுகூடக் கிடையாது. கால்குலேட்டர் மாதிரி எண் பலகைதான். ஒரு நோட்டுக்கு சுருதி ஒரு எண், ஸ்டெப் ஒரு எண், கேட் ஒரு எண். ஏற்றி முடித்து கேசட்டில் சேமிக்க வேண்டும். நான் தொழில் செய்தது அதன் பேரப்பிள்ளையான எம்சி-500-இல். அதில் ஃபிளாப்பி உண்டு, கீபோர்டையும் இணைக்கலாம். ஆனாலும் பேஸை மட்டும் கடைசிவரை ஸ்டெப்பாகத்தான் ஏற்றினேன். ஸ்டெப் என்றால் ஒரு நோட்டு தொடங்கியதிலிருந்து அடுத்த நோட்டு தொடங்கும் வரை உள்ள நேரம். கேட் என்றால் அந்த நேரத்துக்குள் நோட்டின் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. தெரிந்துகொள்ள இவ்வளவுதான்.

ஆனால் தெரிந்ததும் பிடிபட்டதும் ஒன்றல்ல. எம்சி-500-இல் ஒரு கால் நோட்டுக்கு 96 கிளிக். பதினாறில் ஒன்றுக்கு 24. டெம்போ 120 என்றால் ஒரு கிளிக் ஏறக்குறைய 5 மில்லிசெகண்டு. ஸ்டெப் 24, கேட் 24 என்று போட்டால் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரும், சீக்வென்ஸ் தவழும். கேட் 12 என்றால் நிமிரும். 8 என்றால் குத்தும். ஆனால் பாட்டு முழுக்க 12 என்று போட்டால் செத்தது. கேட்பவருக்கு எங்கே செத்தது என்று தெரியாது, கை மட்டும் ரிமோட்டைத் தேடும். கிக் விழுகிற இடத்தில் பேஸ் 14, அடுத்ததில் 9, ஸ்வரம் மேலே தாவுகிற இடத்தில் 20. பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் 6. இதற்கு எந்த மேனுவலிலும் விதி இல்லை. போட்டுக் கேட்டு, அழித்து, மறுபடி போட வேண்டும். இதிலேயே சில ராத்திரிகள் முழுசாகக் கழிந்திருக்கின்றன. காலையில் தயாரிப்பாளரின் ஆள் வந்து, "இன்னுமா ஃபீடு பண்ணிட்டிருக்கீங்க?" என்பார்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ரோலண்டு மேனுவல் அல்ல. கோடம்பாக்கத்தில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். கேரளாவிலிருந்து வந்தவர், வாயில் எப்போதும் பாக்கு. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் ஏற்றிய ஒரு லைனை டாக்பேக்கில் கேட்டவர், ரெக்கார்டிங் முடிந்ததும் கன்சோல் அறைக்கு வந்தார். "தம்பி, நல்லாப் போட்டிருக்கே. ஆனா நீ நோட்டை எடுக்கவே இல்லையேடா" என்றார். புரியவில்லை. கிடாரை மடியில் வைத்து அதே லைனை வாசித்தார். "என் வலது கையப் பாக்காதே, இடது கையப் பாரு."

வலது கை தட்டிக்கொண்டே இருந்தது. இடது கை விரல்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அழுத்தி, பிறகு கம்பியை விட்டு விலகாமலே அழுத்தத்தை மட்டும் தளர்த்தின. ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில். சத்தம் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டுமே அதுவரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சத்தத்தை எங்கே கொல்வது என்று வாசித்துக்கொண்டிருந்தார். கேண்டீனில் டீ ஆறும் வரை மேஜையில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அடுத்த சில வருடங்களில் அவருக்கு கால்ஷீட் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் என்னைப் போன்றவர்கள்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுப்பார். ஒருமுறை மட்டும், "உன் மெஷினுக்குப் பாக்கு வேணுமாடா?" என்று கேட்டார்.

லண்டனில் இந்தக் கோபம் வெளிப்படையாகவே வெடித்தது. 1982-இல் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வயலின் வரிசையின் சோற்றில் மண் விழுகிறது என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். இங்கே 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்காக இளையராஜா கணினி இசையைக் கொண்டுவந்தபோது ஸ்டூடியோ வராந்தாக்களில் அதே பேச்சுதான், தீர்மானம் மட்டும் இல்லை. ஆனால் பயந்தவர்கள், சிரித்தவர்கள் இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மெஷின் யாரையும் துரத்தவில்லை. அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, பேஸ் அண்ணன் இடது கையால் செய்ததை எண்ணாகச் செய்துகொண்டிருந்தார்.

இனி 'டோன்ட் யூ வாண்ட் மீ' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் வருகிற அந்த சின்த் பேஸை மட்டும். எந்த ஸ்வரம் நீள்கிறது, எது சட்டென்று அறுபடுகிறது என்று பாருங்கள். எனக்கு அது ஒரு ஆளின் தீர்மானமாகத்தான் கேட்கிறது. இதே ரஷன்ட் அடுத்த வருடம் 'டேர்' பாட்டுகளை எடுத்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டி 'லவ் அண்ட் டான்சிங்' என்று இன்னொரு ஆல்பமே செய்தார். பட்டன் தட்டுகிறவன் செய்கிற வேலையா அது?

பாட்டின் தலையெழுத்துதான் விசித்திரம். ரஷன்டும் காலிஸும் செய்த மிக்ஸ் ஓக்கிக்குப் பிடிக்கவே இல்லை. மிருதுவாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று எண்ணினார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக அதைத் தள்ளிவிட்டார்கள். நான்காவது சிங்கிளாக இதைத்தான் போட வேண்டும் என்று வர்ஜின் கம்பெனியின் சைமன் டிரேப்பர் பிடிவாதம் பிடித்தார். ஜனங்களுக்கு ஏற்கெனவே நம்மேல் அலுப்புத் தட்டியிருக்கும் என்று ஓக்கி எதிர்த்தார். கடைசியில், பாட்டு போகாவிட்டாலும் வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று ஒரு வண்ணப் போஸ்டரைச் சேர்த்துக் கொடுக்கும் நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் முதலிடம் இதற்குத்தான். பிரிட்டனில் மட்டும் 15 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் மூன்று வாரம் முதலிடம். ஸ்டீவ் பேரன் சினிமா மாதிரி 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த வீடியோவுக்கும், புதிதாக வந்த எம்டிவிக்கும் அதில் பங்கு உண்டு.

ஓக்கியின் பக்கமும் எனக்குப் புரிகிறது. அவர் ஒரு இருட்டான பாட்டை மனதில் வைத்திருந்தார். ஒரு பெண்ணை நான்தான் ஆளாக்கினேன் என்று மிரட்டுகிற ஆணும், நீ இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்று பதில் சொல்கிற பெண்ணும். அதைக் கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி ஆக்கினால் எழுதினவனுக்கு எரியத்தான் செய்யும். ஆனால் பாட்டைத் தூக்கியது அந்த முரண்தான் என்பது என் கட்சி. இரண்டாவது சரணத்தைப் பாடிய சூசன் ஆன் சல்லி பயிற்சி பெற்ற பாடகி அல்ல, பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற குரல். அவ்வளவு துல்லியமாக அறுத்து அடுக்கிய மெஷின்களுக்கு நடுவே அந்தப் பூச்சில்லாத குரல் வந்ததால்தான் நின்றது. இன்று அதையும் டியூன் செய்து வழித்துவிடுவார்கள்.

யார் யாரை ஆளாக்கினார்கள் என்ற சண்டை எங்கள் தொழிலில் பாட்டுக்கு வெளியேயும் உண்டு. ஜப்பானில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு எம்சி-8 ஏற்றிக்கொடுத்தவர் ஹிடேகி மட்சுடேக். 1978-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ப்ரோக்ராமிங் என்று அவர் பெயரைப் போட்டார்கள். மேடையிலும் தன் மெஷின்களோடு நின்றார், குழுவின் நான்காவது உறுப்பினர் என்றே அவரைச் சொல்வார்கள். ரஷன்ட் 1982-இல் பிரிட்டனின் சிறந்த தயாரிப்பாளர் விருது வாங்கினார். நம்முடைய கேசட் அட்டையில் பாடலாசிரியர், பாடகர், கேசட் கம்பெனி முதலாளியின் குலதெய்வம் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. நாங்கள் ஏற்றிய பாட்டுக்கு 'இசைக்குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போனோம். வாசிக்காதவன் இசைக்குழுவா என்று அதற்கும் சிலர் முணுமுணுத்தார்கள்.

இப்போதைய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. லூப் பேக்கை இழுத்துப் போடுகிறார்கள். குவாண்டைஸ் நூறு சதவீதம். சரியாக விழுந்துவிட்டால் போதும் என்ற எண்ணம். எங்கே விழுகிறது என்பதைக் கணினி திருத்திவிடுகிறது, எங்கே எழுகிறது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரையில் அந்த நோட்டுக் கட்டங்களைப் பாருங்கள், எல்லாம் ஒரே நீளம். அரங்கேறும் பாட்டுகளில் பாதி எனக்கு மூச்சுத் திணறலாகக் கேட்பது வயதினால் அல்ல.

இசைக் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் அண்மையில் வீட்டுக்கு வந்தான். மரியாதையான பிள்ளை. "சார், அந்த எய்ட்டீஸ் பேஸ் சவுண்டோட ப்ரீசெட் இருந்தா கொடுங்க சார்" என்றான். சவுண்டு உன் லேப்டாப்பிலேயே இருக்கிறது தம்பி என்றேன். 'டோன்ட் யூ வாண்ட் மீ' பேஸை முதல் எட்டு பாருக்கு மட்டும், கீபோர்டைத் தொடாமல், ஸ்டெப்பும் கேட்டும் எண்ணாகப் போட்டு எடுத்துக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்றேன். முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ ஒளித்து வைக்கிறேன் என்று நினைத்தவன் மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். யாரோ அந்தப் பாட்டின் மிடி கோப்பை ஏற்கெனவே இலவசமாகப் போட்டிருக்கிறார்களாம். திறந்து பார்த்தேன். கேட் எல்லாம் ஒரே எண்.