உங்க டிஸ்க்... உங்க ரெசிபி!

காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறீங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா போதும். ‘தம்பி, லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது, என்னன்னு பாருப்பா’ன்னு வாசல்ல வந்து நிப்பாங்க. எங்க வாடிப்பட்டியில இந்த வேலைக்குச் சம்பளம் ரெண்டு இளநீர்!

வர்றதுல பாதி, அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப் வகை. அக்கா படிச்சு முடிச்சு, தம்பி கைக்கு வந்து இன்னமும் உழைக்குது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 வேணும். இந்தப் பழைய மெஷின்களுக்கு லினக்ஸ்தான் நல்ல வழி.

ஆனா, ஒவ்வொண்ணுலயும் லினக்ஸ் போட்டு, தமிழ் ஃபான்ட், தமிழ்99 கீபோர்டு, ஆபீஸ்னு தனித்தனியா இறக்கினா உங்க மொபைல் டேட்டா காலி. எல்லாத்தையும் உள்ளேயே வெச்ச ஒரு இன்ஸ்டாலேஷன் டிஸ்க்கை நாமே செஞ்சுட்டா? அங்கதான் கேள்வி: அதை எந்த சாஃப்ட்வேர்ல செய்றது?

இது புதுக் கேள்வி இல்ல. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. பிறகு வந்த சாட்டா லேப்டாப்கள் பலதுல அந்த சிடியைப் போட்டா, ‘ஹார்டு டிஸ்க்கே இல்லை’ன்னு சாதிக்கும். எஃப்6 தட்டி, ஃபிளாப்பியில டிரைவர் கொடுக்கணும். லேப்டாப்ல ஃபிளாப்பிக்கு எங்க போறது? அப்போ கைகொடுத்தது ‘என்லைட்’. டிரைவர், சர்வீஸ் பேக் எல்லாத்தையும் சிடிக்குள்ளயே சேர்த்துடும். வேண்டாததை நீக்கவும் செய்யும். ஆர்வக்கோளாறுல கண்டதையும் நீக்கினவங்க, பின்னாடி பிரின்டர் வேலை செய்யலைன்னு முழிச்ச கதையும் உண்டு.

லினக்ஸ் பக்கம் ‘ரீமாஸ்டர்சிஸ்’னு ஒண்ணு இருந்தது. ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தையே அப்படியே டிஸ்க் ஆக்கிடும். அதோட பேக்கப் முறையில உங்க போட்டோ, ஃபைல் எல்லாமே கூடப் போயிடும். அடுத்தவங்களுக்குக் கொடுக்க ஆகாது. பிரவுசர்லயே டிக் அடிச்சு டிஸ்க் செய்ய உதவின ‘சூசே ஸ்டூடியோ’ 2018-ல் மூடப்பட்டுச்சு. இன்னொருத்தர் சர்வரை நம்பினா, அவர் கடையைச் சாத்தும்போது நம்ம வேலையும் நின்னுடும்.

நம்ம பக்கத்து உதாரணம், சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ். டெபியனை அடித்தளமா எடுத்து, இந்திய மொழிகளைச் சேர்த்தாங்க. பள்ளிகளுக்குன்னே ‘எஜுபாஸ்’ வந்தது. நாம வீட்ல செய்யப்போறது அதே வேலைதான், சின்ன அளவுல.

இன்னிக்கு என்ன எடுக்கலாம்? விண்டோஸ்தான் வேணும்னா ‘என்டிலைட்’. உபுண்டுன்னா ‘கியூபிக்’: ஐஎஸ்ஓ-வைத் திறந்து, டெர்மினல்ல வேண்டியதைப் போட்டு மூடிடலாம், ஒரு சாயங்காலம் போதும். என்னோட ஓட்டு மட்டும் டெபியனோட ‘லைவ்-பில்ட்’டுக்கு. கறுப்புத் திரை, கட்டளைகள்னு முதல்ல மிரட்டும். ஆனா, என்னென்ன வேணும்ங்கிறது சில டெக்ஸ்ட் ஃபைல்கள்ல பட்டியலா இருக்கும். லோகித் தமிழ் ஃபான்ட், லிப்ரே ஆபீஸ்னு எழுதிட்டு பில்ட் கொடுத்தா டிஸ்க் ரெடி. ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப பில்ட் பண்ணா, அன்னைக்குத் தேதிக்கு அப்டேட் ஆன புது டிஸ்க்! வைஃபைக்கான ஃபர்ம்வேர் பிரிவைச் சேர்க்க மட்டும் மறந்துடாதீங்க.

எதை எடுத்தாலும் மூணு விஷயம் பாருங்க. அடிப்படை ஐஎஸ்ஓ-வோ, பேக்கேஜோ அதிகாரபூர்வ தளத்துல இருந்து வரணும். என்ன மாத்தினோம்ங்கிறது ஃபைலா சேமிக்கப்படணும். கொடுக்கறதுக்கு முன்னாடி விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒருமுறை முழுசா இன்ஸ்டால் பண்ணிப் பார்க்கணும். பாஸ்வேர்டு எதையும் உள்ளே விட்டுடாதீங்க. மெஷின்ல இருக்கிற பழைய போட்டோக்களை முதல்லயே காப்பி எடுத்துக்கோங்க. அது அந்த வீட்டோட சொத்து.

நாளைக்கு நீங்க வேலைக்குன்னு சென்னையோ பெங்களூரோ போயிடுவீங்க. உங்க டிஸ்க் மட்டும் ஊர்ல இருந்தா ஒரு வருஷத்துல பழசாயிடும். ரெசிபியும் இருந்தா, அடுத்து காலேஜ் சேர்ற பொண்ணோ பையனோ புதுசா சமைச்சுக்குவாங்க. அதனால பென்டிரைவ்ல ரெண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுங்க. இளநீர் அவங்களுக்கும் கிடைக்கட்டுமே!