ஊரை விழுங்கிய ஏரி

வட வேல்ஸில், பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘லின் கெலின்’ என்றொரு ஏரி இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அது இயற்கை ஏரி இல்லை. ஒருகாலத்தில் அங்கே ‘காப்பெல் கெலின்’ என்ற கிராமம் இருந்தது. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், தேவாலயம், சுற்றிலும் பண்ணைகள். வெல்ஷ் மொழி புழங்கிய ஊர்.

லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957-ல் பார்லிமென்ட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேல்ஸின் 36 எம்.பி-க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965-ல் ஊர் மூழ்கியது. இடுகாட்டில் சில உடல்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மற்றவற்றைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

நான் லிவர்பூலில் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டிதான் இதையெல்லாம் சொன்னார். 1956 நவம்பரில் அந்தக் கிராமத்து மக்கள் குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் வந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தபோது பாட்டிக்கு ஏழு வயது.

“என் வயசுப் பொண்ணு ஒருத்தி அதுல நடந்து போனா. ‘இவங்க ஏன் வந்திருக்காங்க’ன்னு அப்பாகிட்ட கேட்டேன். ‘நமக்குத் தண்ணி வேணும்மா’ன்னார். அது எனக்குப் பதிலாவே படலை” என்றார்.

2005-ல் லிவர்பூல் நகர சபை மன்னிப்புக் கேட்டது. கடும் கோடையில் ஏரி வற்றினால், பழைய சுவர்களின் கற்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

பேரன் குழாயை மூடாமல் பல் தேய்த்தால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். “மூடுடா! சும்மா வந்த தண்ணி இல்ல அது” என்பார்.