பூனையுடன் ஒரு நெடும்பயணம்

பூனையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். தோட்டப்புறத்தைப் பற்றி எழுதுவதற்குச் செய்திப் பஞ்சமா? சம்பளம், வீடு, பள்ளிக்கூடம், குடி என்று எத்தனையோ இருக்கின்றன. எனினும், வாயில்லாப் பிராணி ஒன்றை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்திற்குக் கொண்டு சென்ற வகையில் நாம் செய்த பிழை ஒன்றும், பின்னர்க் கற்ற பாடம் ஒன்றும் உண்டு. அவற்றை ஒளிக்காமல் சொல்வதனால் எந்த வீட்டிலேனும் ஒரு பூனையின் அச்சம் குறையுமாயின் அதுவே நமக்குப் போதும்.

நாம் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகரை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கிராணியாக இருந்தோம். நம்முடன் வாழ்பவர்கள் வாழ்க்கைத் துணைவியாரும், ஒரு பெண் குழந்தையும், அன்னையாரும் ஆவர். ஐந்தாவதாகச் சின்னி என்னும் பூனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாம்பல் நிறமும் கருவரிகளும் உடைய அப்பூனை, அன்னையார் மடியைத் தவிர வேறு ஆசனம் அறியாதது. அந்நியர் குரல் கேட்டால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இடி இடித்தால் அன்று முழுவதும் உணவு தொடாது.

தோட்டங்களில் பூனையை வெளியே கொண்டு செல்வதற்கு நாமறிந்த முறை ஒன்றே. சாக்கில் போட்டு வாயைக் கட்டுவதுதான் அது. அதுவும் பெரும்பாலும், தொலைவில் எங்கேனும் விட்டுவிட்டு வருவதற்காகவே. வேலையிலிருந்து ஓய்வுபெற்று லயத்து வீட்டைக் காலி செய்வோர் கிழிந்த பாயையும் ஓட்டை வாளியையும்கூட லாரியில் ஏற்றுவர். பத்தாண்டுகள் வளர்த்த பூனையை மட்டும் வாசற்படியில் விட்டுச் செல்வர். "பூனை வீட்டைச் சார்ந்தது, ஆளைச் சார்ந்ததன்று" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். அடைத்த கதவின் முன்னால் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்து மெலிந்த பூனைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

2022-ஆம் ஆண்டில் அன்னையாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்காகச் சிரம்பானில் உள்ள நம் தமையனார் வீட்டில் ஒரு மாதம் தங்க வேண்டியதாயிற்று. தாம் இல்லாவிட்டால் சின்னி பட்டினி கிடக்கும் என்று அன்னையார் பிடிவாதம் செய்தார். சரியென்று ஒப்புக்கொண்ட நாம், புறப்படும் நேரத்தில் சின்னியைத் துரத்திப் பிடித்து, எருச் சாக்கு ஒன்றில் போட்டுக் கட்டி, வண்டியின் பின்னிருக்கையடியில் வைத்தோம். ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவர், பத்து மண்டோர்களுக்குக் கணக்குச் சொல்லுகின்றவர் என்ற பெருமை உடைய நமக்கு, இதைவிட நல்ல முறை ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே தோன்றவில்லை.

நேரமோ நண்பகல். ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையில் ஏறியது முதல் சின்னி ஓயாமல் கதறிற்று. நாம் அதட்டினோம். கதறல் மிகுந்தது. நாமும் குரலை உயர்த்தினோம். "தம்பி, அதட்டாதே. அதட்டினால் பயம் போகுமா?" என்று அன்னையார் ஒரே ஒரு முறை சொன்னார். நாம் கேட்கவில்லை. சற்று நேரத்தில் கதறல் நின்றது. அடங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். பாகோ ஓய்விடத்தில் நிறுத்திச் சாக்கை அவிழ்த்தபோதுதான் அந்த மகிழ்ச்சியின் இழிவு விளங்கிற்று. உடல் முழுவதும் சிறுநீரில் நனைந்து, எச்சில் ஒழுக, வாயைத் திறந்து நாயைப்போல் இரைத்துக்கொண்டிருந்தது சின்னி. நாய் இரைப்பது இயல்பு. பூனை அவ்வாறு இரைத்தால், அச்சமோ வெப்பமோ அதன் உயிரை நெருக்குகின்றது என்பது பொருள். அன்று நாம் அதை அறியோம். கதவு திறந்திருந்தது. ஒரே தாவலில் வெளியேறி லாரிகள் நிற்கும் பக்கம் ஓடி மறைந்தது.

அதன் பின்னர் நடந்ததை எழுத நாணுகின்றோம். புரையால் பார்வை மங்கிய அன்னையார், கொதிக்கும் தார்த்தரையில் கையை ஊன்றி, லாரிக்கு லாரி குனிந்து, "சின்னி, சின்னி" என்று அழைத்துக்கொண்டே சென்றார். நாம் பின்னால் நின்றோம். நம்மைக் கண்டால் பூனை வராது என்பது நமக்கே தெரிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு லாரியின் பின்சக்கரத்தருகிலிருந்து சின்னி ஊர்ந்து வந்து அன்னையாரின் கையில் முகத்தை வைத்தது. எஞ்சிய தூரம் முழுவதும் அதனை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தார். நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. 2024-ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியை அடுத்த தோட்டம் ஒன்றிற்கு நமக்கு மாற்றல் வந்தது. குடும்பம் முழுவதும் பெயர வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. செய்தியைக் கேட்ட அன்னையார், "நீங்கள் போங்கள். நானும் சின்னியும் இங்கேயே யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்கிறோம்" என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த தோட்டத்தை விடுவது அவருக்கு எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் அவர் அஞ்சியது தோட்டத்தை விடுவதற்கு மட்டுமன்று, பாகோவுக்கும்தான். ஆகவே, மூன்று வாரங்களுக்கு முன்பே குளுவாங்கில் கால்நடை மருத்துவர் ஒருவரை நாடினோம். அவர் சீன மாது. மலாயில் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

பூனைக்கு இடம் என்பது வாசனை. கன்னத்தை மேசைக்காலிலும் கதவிலும் நம் காலிலும் தேய்ப்பது கொஞ்சுவதற்காக மட்டுமன்று. தன் வாசனையைப் பூசி, இது நம் இடம் என்று குறித்துக்கொள்கின்றது. அவ்வாசனை ஒன்றும் இல்லாத பெட்டிக்குள் திடீரெனத் திணிக்கப்பட்டு, காலடியில் தரை அசைய, காதருகில் எந்திரம் இரைய, எங்கே போகின்றோம் என்று அறியாமல் போவதே அதன் பயணம். அது கதறுவது முரட்டுத்தனத்தால் அன்று. ஆதலால் அதட்டலும் அடியும் பயன்படா. பயணத்தன்று அமைதியாக இருக்க வேண்டுமானால் அந்த அமைதியைப் பல நாள் முன்னதாகவே விதைத்திருக்க வேண்டும்.

மேல்மூடியைக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை வாங்கினோம். மூடியைக் கழற்றி, கீழ்ப்பாகத்தை மட்டும் அடுக்களை மூலையில் வைத்து, அன்னையாரின் பழம் புடைவை ஒன்றைத் துவைக்காமலே அதனுள் விரித்தோம். முதல் நான்கு நாட்கள் சின்னி அதனைச் சுற்றிப் போயிற்று. பின்னர் உணவுத் தட்டைக் கூண்டின் அருகிலும், அடுத்து வாயிலிலும், அதற்கடுத்து உள்ளேயும் வைத்தோம். இரண்டாவது வாரம் அதிலேயே உறங்கத் தொடங்கிற்று. அப்புறம் மூடியைப் பொருத்தினோம். கதவை ஒரு நிமிடம் சாத்தித் திறந்தோம். பிறகு ஐந்து நிமிடம். மூன்றாவது வாரம் கூண்டோடு வண்டியில் ஏற்றி, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஆபீசு வரை போய்த் திரும்பினோம். திரும்பியவுடன் ஒரு துண்டு மீன். இவ்வளவும் செய்கின்ற கிராணியைப் பார்த்து லயத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இது வெறும் கைவைத்தியம் என்று எண்ணவேண்டா. வியன்னாவில் ஆய்வாளர் சிலர் 22 பூனைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பல வாரங்கள் கூண்டிலும் வண்டியிலும் பழக்கம் கொடுத்துச் சோதித்தனர். பழகிய பூனைகள் வண்டியில் குறைவாகவே கலங்கின என்று 2018-இல் வெளியிட்டனர். அச்சம் மிகுந்த பூனைகளுக்குக் காபாபென்டின் என்னும் மருந்தைப் பயணத்திற்கு முன் ஒரு வேளை கொடுத்தால் கலக்கம் தணிகின்றது என்று அமெரிக்க ஆய்வு ஒன்றும் 2017-இல் வெளிவந்தது. நம் மருத்துவரும் சின்னியைச் சோதித்து, எடை பார்த்து, அம்மருந்தையே அளந்து கொடுத்தார். பயணத்திற்குச் சில நாள் முன்னரே வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பார்க்கவும் சொன்னார். இங்கே தோழர்களை வேண்டிக்கொள்வது ஒன்று: மருந்தை மருத்துவரிடமிருந்தே பெறுக. மனிதர்க்குரிய மாத்திரையை நீங்களாகவே உடைத்துக் கொடாதீர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

புறப்படும் நாள் வந்தது. வெயிலுக்கு முன் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டி விடியற்காலை நான்கு மணியைக் குறித்தோம். வாந்தி வராதிருக்க முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் உணவு வைக்கவில்லை. இரண்டு மணிக்கு மருந்தை மட்டும் சிறிது அவித்த மீனில் பொதிந்து கொடுத்தோம். வழியனுப்ப வந்த முதியவர் ஒருவர், "பூனையை முன்னிட்டுக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகிறீர்களே, சகுனம் ஆகுமா?" என்றார். "பூனை குறுக்கே போனால்தானே குற்றம், ஐயா! இது நம் கூடவே வருகிறது, எப்படிக் குறுக்கே போகும்?" என்றோம். அவரும் சிரித்துவிட்டார்.

கூண்டை முன்னிருக்கைக்குப் பின்னால் தரையில் அசையாமல் பொருத்தி, மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடினோம். அன்னையார் அமர்ந்த பக்கம் மட்டும் திறந்திருந்தது. வானொலி இல்லை, உரத்த பேச்சும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் சின்னி குரல் கொடுத்தது. நாம் வாய் திறக்கவில்லை. அன்னையார் கம்பியிடையே ஒரு விரலை நீட்டி, அடுக்களையில் பேசுகின்ற அதே குரலில் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். பாகோவை நிறுத்தாமல் கடந்தோம். அப்பெயர்ப்பலகை விளக்கொளியில் வந்து மறைந்தபோது வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. அதற்குச் சற்று அப்பால் சின்னி உறங்கிவிட்டது.

தாப்பாவில் நிறுத்தினோம். கதவுகளையும் சன்னல்களையும் அடைத்து, குளிர்சாதனம் ஓட, ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியிலேயே இருந்தோம். பூனையைத் தனியே விடவில்லை, கூண்டையும் திறக்கவில்லை. நம் நாட்டு வெயிலில் நிறுத்திய வண்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும் என்பதையும், ஓய்விடத்தில் இரக்கப்பட்டுத் திறக்கும் கதவே பூனையைத் தொலைக்கும் கதவு என்பதையும் நாம் விலை கொடுத்துக் கற்றவரல்லவா? கம்பியிடையே சிறு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் காட்டினோம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்துள் நுழைந்தபோது இருளும் இரைச்சலும் சேர, மீண்டும் கதறிற்று. அப்போதுதான் அன்னையார் தம் தந்தையாரைப் பற்றிச் சொன்னார்.

கூலித் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுப்பதற்குச் சற்று முன்னர், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் அவர். அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன். எங்கே போகின்றோம், எத்தனை நாள், எதற்காக என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கேட்டபோது அதட்டல்தான் கிடைத்ததாம். தாயின் கிழிந்த சேலைத் துண்டு ஒன்றைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். இரவில் அதை முகத்தில் போட்டுக்கொண்டால்தான் உறக்கம் வந்தது என்று முதுமையிலும் சொல்லுவாராம். "அதனால்தான் துவைக்காத புடைவை என்று அந்த டாக்டரம்மா சொன்னதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது" என்றார் அன்னையார்.

நாம் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு தொடக்கத்தில், வங்காள தேசத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய இளைஞன் ஒருவன் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது விளங்காமல் விழித்து நின்றதும், நாம் அவனை எல்லோர் முன்பும் அதட்டியதும் நினைவுக்கு வந்தன. அவன் நடுங்கியதை நாம் திமிர் என்று பதிவு செய்தோம்.

முற்பகலில் புதிய தோட்டத்தை அடைந்தோம். மருத்துவர் சொன்னபடி சின்னிக்குச் சிறிய அறை ஒன்றை மட்டும் கொடுத்தோம். மணல் தட்டு, உணவு, தண்ணீர், புடைவையோடு கூண்டு. சன்னலை அடைத்தோம், வெளியே போக விடவில்லை. புதிய இடத்தில் உடனே விட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும் என்பது அவர் எச்சரிக்கை. இரண்டு நாள் கூண்டைவிட்டு அது வெளிவரவில்லை. யாரும் இழுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு வெளியே வந்து, அறைக்கதவின் மூலையில் கன்னத்தைத் தேய்த்தது. சில வாரங்கள் சென்றபின் வீடு முழுவதும் அதனுடையதாயிற்று. அன்னையாரும் அதற்குள் பக்கத்து வீட்டாரிடம் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி வாசலில் நட்டிருந்தார்.

தோழர்களே! உங்களில் எவரேனும் தோட்டத்தைவிட்டு நகரத்துக்கோ, ஒரு நகரத்தை விட்டு மற்றொன்றுக்கோ பெயரும் நாள் வரலாம். அன்று பூனையை வாசற்படியில் விட்டுச் செல்லாதீர், சாக்கிலும் கட்டாதீர். மூன்று வாரம் முன்னதாகக் கூண்டைத் திறந்து வையுங்கள். கூண்டும் மருந்தும் அதிகச் செலவன்று. அச்சத்தை அதட்டி அடக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுவதுதான் கடினம். புதிய தோட்டத்தில் காலைப் பெரட்டில் புதியவர் எவரேனும் விழித்து நின்றால், நாம் இப்பொழுது பெயரை இரண்டாம் முறையும் மெதுவாகவே கூப்பிடுகின்றோம்.