பட்டியலில் இல்லாத தெரு

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோர் நாங்கள் நால்வர். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை பயிலும் தம்பியரும் தங்கையரும் மேற்கொள்ளும் கள ஆய்வுக்கு வழித்துணையாக நிற்பது எங்கள் பணி. கையெழுத்திடுவது பேராசிரியர், வினாத்தாளைத் திருத்துவதும், கணக்கைச் சரிபார்ப்பதும், கலங்கிய கண்ணைத் துடைப்பதும் நாங்கள்! ஊதியம் இல்லை. ஆனால் மேலிருந்து கீழே பார்க்கும் மிடுக்குக்கு மட்டும் குறைவில்லை. அம்மிடுக்கு எங்களை எங்கே கொண்டு நிறுத்திற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

ஒரு தங்கை. அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண். சிற்றூர்ப் பெண்களிடையே இரத்த சோகையை ஆராய முற்பட்டாள். அற்பமான பொருளா அது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு மேல் சோகை என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறிற்று. சத்துணவுக்குப் பேர் பெற்ற மாநிலத்திலே, பாதிப் பெண்களுக்கு மேல் குருதி வெளிறிக் கிடக்கிறது! கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. விரல் நுனியில் ஒரு துளி எடுத்தால் கருவி கணக்கைச் சொல்லிவிடும். எவர் விரலில் எடுப்பது? அங்கேதான் வழுக்கினோம்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுப் பட்டியல் தந்தார். குலுக்கல் முறையில் 120 வீடுகளைத் தேர்ந்தாள் தங்கை. நாங்களும் எண்களைக் கூட்டிப் பார்த்து, “நன்று” என்றெழுதிக் கொடுத்தோம். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள சேரியின் ஒரு குடிசைகூட அப்பட்டியலில் இல்லை! ஒவ்வொரு வீட்டுக்கும் சம வாய்ப்பு என்று புத்தகம் பேசும். பட்டியலில் ஏறாத வீட்டுக்கு ஏது வாய்ப்பு?

பாதி வேலை முடிந்தபின் கிராமச் செவிலியர் கேட்ட கேள்வியால்தான் வெளிப்பட்டது. தங்கையை அழைத்துக் கேட்டோம்.

“முன்பே தெரியுமா?”

“முதல் நாளே தெரியும், அக்கா. நானும் அப்படியொரு தெருவில் பிறந்தவள்தானே!”

“ஏனம்மா சொல்லவில்லை?”

“நீங்கள் ‘நன்று’ என்று எழுதிவிட்டீர்களே...”

கட்டை விரலைக் கேட்ட துரோணரை மேடைதோறும் ஏசியவர்கள் நாங்கள். நாங்கள் விரலைக் கேட்கவில்லை, நாவை வாங்கிக்கொண்டோம்!

இத்தனைக்கும், சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வை அவளுக்கு வியந்து வியந்து விளக்கியவர்கள் நாங்களே. ஒரு சாராருக்கு மருத்துவமனைப் படுக்கை. மறு சாராருக்கு அவரவர் வீடு. மருந்து ஒன்றே, ஓராண்டு. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு. ஆயினும் வீட்டிலிருந்த ஏழையும் ஏறத்தாழ அதே அளவில் தேறினான் என்று 1959இல் வெளிவந்த முடிவு, உலகின் மருத்துவ முறையையே மாற்றிற்று. குடிசை வாயிலுக்கு நடந்து சென்ற ஆய்வு அது. அதைப் போதித்த நாங்கள், வாய்க்கால் வரையிலும் நடக்கவில்லை.

பேராசிரியர், “காலம் கடக்கிறது, ‘ஆய்வின் வரம்பு’ என்று ஒரு வரி எழுதி முடியுங்கள்” என்றார். வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்கள் இணங்கிவிட்டோம். இணங்காதவள் அவள்! செவிலியரின் பதிவேட்டோடு தெருத்தெருவாக நடந்து, ஊரும் சேரியும் சேர்ந்த புதுப் பட்டியல் எழுதினாள், மீண்டும் குலுக்கினாள். இம்முறை அவள் முன்னே, நாங்கள் பின்னே.

சேரியில் ஒரு மூதாட்டி விரலை நீட்டியவாறே, “ரத்தம் எடுக்கிறியே தாயி, மருந்து குடுப்பியா?” என்றாள். எங்கள் வினாத்தாளில் அக்கேள்விக்கு இடமில்லை. சோகை கண்ட பெண்களைத் துணைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச் சத்து மாத்திரை பெறச் செய்யும் ஏற்பாட்டை, அன்று மாலையே செவிலியரோடு பேசி முடித்தவளும் தங்கைதான்.

ஆய்வேடு மூன்று வாரம் தாமதமாயிற்று. வாய்மொழித் தேர்வில், “ஏன் இந்தத் தாமதம்?” என்றார் தேர்வாளர். நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தோம். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எழுந்து சென்று, கரும்பலகையில் முதலில் அந்த வாய்க்காலை வரைந்தாள்.