எத்தனை மார்க் வலி?

'பிஸியோதெரபிக்குப் போறேன்' என்று ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். 'ஒண்ணுமில்ல தலைவா, மசாஜ்தான்' என்பார் அக்கவுண்ட்ஸ். 'கரண்ட் வெப்பாங்க, ஜாக்கிரதை' என்பார் ஸ்டோர்ஸ். 'இடுப்புல பெல்ட்டைக் கட்டி இழுப்பாங்க' என்பார் டெஸ்பாட்ச். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எனக்கு மூன்றும் ஒரே டீ பிரேக்கில் இலவசமாகக் கிடைத்தன.

கேஸ் இதுதான். இடுப்பில் ஆரம்பித்து, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வரை சுரீரென்று ஒரு வலி. பட்டாபிராமிலிருந்து எஸ்டேட்டுக்கு தினமும் பைக். சி.டி.எச். ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் என் முதுகெலும்பு பெயர் சொல்லிக் கூப்பிடும். எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு, "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. ஆபரேஷன் இப்ப வேண்டாம். ஆறு வாரம் பிஸியோ பண்ணுங்க, பார்ப்போம்" என்றார். அந்த 'இப்ப'வும் 'பார்ப்போ'மும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்தன. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை. யாராவது தூக்கி மடியில் வைத்தால்தான் உண்டு என்ற நிலைமை.

ஆவடியில் ஒரு கிளினிக். முதுகுவலிக்காரர்களுக்கான இடத்தை முதல் மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ, தெரியவில்லை. உள்ளே சுவரில் ஒரு பெரிய சக்கரம். தோள் இறுகிப்போன பெரியவர் ஒருவர் அதை எம்.டி.சி. டிரைவர் மாதிரி மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து கட்டிலில் ஒரு வாலிபர். "முட்டியைப் பார்க்கணும், பேன்ட்டை மேல தூக்குங்க" என்றார்கள். டைட் ஜீன்ஸ். கெண்டைக்காலைத் தாண்ட மறுத்துவிட்டது. ஆகவே இளைஞர்களே, தொளதொள டிராக்ஸோ ஷார்ட்ஸோ போட்டுக்கொண்டு போங்கள். ஸ்கேன் கவர், மாத்திரைச் சீட்டு கையோடு இருக்கட்டும்.

எனக்கு வந்த பிஸியோதெரபிஸ்ட், பி.பி.டி. முடித்த இளம் பெண். அரை மணி நேரம் கேள்விகள்தான். "உட்கார்ந்தா வலியா, நின்னா வலியா? இருமினா கால்ல இறங்குதா? காலையில எப்படி, ராத்திரி எப்படி?" அப்புறம், "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் சார் வலி?"

இந்த இடத்தில் ஆண்பிள்ளைகள் வீரம் காட்டி மூன்று, நாலு என்று குறைத்துச் சொல்வதுண்டாம். அந்த மார்க்கை அடுத்தவர் வலியோடு யாரும் ஒப்பிடப் போவதில்லை ஸார். அடுத்த வாரம் உங்கள் வலியோடுதான் ஒப்பிடுவார்கள். நான் ஏழு கொடுத்தேன்.

அடுத்த கேள்வியில் பக்கத்து கட்டில் காரரும் காதைத் தீட்டிக்கொண்டார். "யூரின், மோஷன் போறதுல ஏதாவது மாற்றம்? உட்கார்ற இடம் மரத்துப்போகுதா?" கூச்சப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 'ஆமாம்' என்றால் முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்புறம் பிஸியோ இல்லை, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸி. நான் 'இல்லை' என்று சொன்னதும் டிக் அடித்தார்.

"சரி, எதைத் திரும்பச் செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

"குழந்தையைத் தூக்கணும் மேடம்."

"எவ்ளோ வெயிட்?"

"ஏழரை கிலோ."

சிரிக்கவில்லை. 'குறிக்கோள்: ஏழரை கிலோ, தரையிலிருந்து' என்று எழுதிக்கொண்டார். எனக்குத் தொண்டையை என்னமோ செய்தது.

பிறகு பரிசோதனை. குனியச் சொல்லி, விரல் எதுவரை எட்டுகிறது என்று பார்த்தார். குதிகாலில் நட, முன்காலில் நட. மல்லாக்கப் படுக்கவைத்து முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். எந்த உயரத்தில் 'ஆ' என்கிறேன் என்பது குறிப்பில் ஏறியது. முட்டியில் குட்டிச் சுத்தியல். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டே தொட்டார். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், தப்பில்லை.

கடைசியில் குப்புறப் படுத்து, இடுப்பைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். பத்து தடவை. "கால் வலி குறைஞ்சிருக்கு மேடம். ஆனா இடுப்புல ஜாஸ்தி!" என்று பதறினேன். "அது நல்ல சகுனம் சார்" என்றார். காலுக்கு ஓடிய வலி முதுகை நோக்கித் திரும்பினால் இந்தப் பயிற்சி ஒத்துக்கொள்கிறது என்று கணக்கு. 1956-ல் நியூஸிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்ஸி என்ற பிஸியோதெரபிஸ்ட், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் ஒரு நோயாளி தற்செயலாகக் குப்புறப் படுத்துக் கிடந்ததையும், அவர் கால்வலி போய்விட்டதையும் பார்த்து அசந்துபோனாராம். அங்கிருந்து வளர்ந்த முறை. சிலருக்கு இதுவே வலியைக் கூட்டிவிடும். அதனால்தான் அரை மணி கேள்வி. மொபைலில் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

ஸ்டோர்ஸ் சொன்ன கரண்ட்டும் வந்தது. பதினைந்து நிமிஷம், முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறு. அவ்வளவே. தொடு உணர்ச்சி வலியின் பாதையில் கதவைச் சாத்துகிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் சொன்ன தத்துவம். "இது வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும். மத்த வேலையெல்லாம் நீங்கதான் செய்யணும்" என்றார் மேடம். என் அபிப்பிராயம்: ஒரு கேள்வி கேட்காமல், தொட்டுப் பார்க்காமல், மெஷினை மாட்டிவிட்டு 'பத்து சிட்டிங் பேக்கேஜ்' என்று பில் நீட்டுகிற இடமாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு வந்த கதையும் வலியில்தான் ஆரம்பம். 1952-ல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மறு வருஷம் அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பிஸியோதெரபி பள்ளி தொடங்கினார்கள். இன்றைக்கு பூந்தமல்லியில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் பெரியம்மாவுக்கு வீட்டுக்கே வந்து கை காலை அசைக்கச் சொல்லித்தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். காசு கிடையாது. பெரியம்மா அவர்களுக்கு மோர் கொடுக்காமல் அனுப்புவதில்லை.

கிளம்பும்போது வீட்டுப்பாடம். அந்தக் குப்புறப் பயிற்சி, நாளைக்கு ஆறு தடவை. "ஆபீஸ்ல எப்படி மேடம் குப்புறப் படுக்கறது?" என்றேன். "நின்னுக்கிட்டே இடுப்புல ரெண்டு கையையும் வெச்சு பின்னால சாயுங்க. அரை மணிக்கு ஒரு தரம் சேரை விட்டு எழுந்திருங்க. நாளைக்கு தசை கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீங்க. வலி இன்னும் கீழே கால்ல இறங்கினா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க."

வீட்டில் அம்மா, "ஒரு ஊசி கூட போடலையா? இதுக்கா நானூறு ரூபாய்?" என்றாள்.

இதை எழுதும்போது நாலாவது வாரம். வலி மூன்று மார்க். அரிசிப் பையை முட்டி மடக்கித் தூக்கப் பழக்குகிறார்கள், ஐந்து கிலோ வரை வந்தாயிற்று. இன்னும் இரண்டரை கிலோதான் என்று நேற்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி குழந்தையை எடை பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "எட்டு ஆயிட்டா!"